ஊட்டிப் பார்த்துச் சொல்லும் மருத்துவம்

பெர்லின் நகரில் 1999, 2000 ஆகிய ஆண்டுகளில் 13,300 பேருக்கு ஒரு வினாத்தாள் போனது. ஏதாவது உணவு உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று அது கேட்டது. 4,093 பேர் பதில் அனுப்பினார்கள். அவர்களில் 34.9 சதவீதம் பேர், ஏதோ ஒன்று தமக்குச் சேரவில்லை என்று எழுதினார்கள். சாரிட்டே பல்கலைக்கழக மருத்துவமனையின் ஆய்வாளர்கள் அத்தோடு விடவில்லை. ஐயத்துக்கு இடமிருந்தவர்களைத் தொலைபேசியில் விசாரித்தார்கள். அதிலும் தெளிவு கிடைக்காதவர்களை நேரில் வரவழைத்தார்கள். தேவைப்பட்டவர்களுக்குச் சந்தேகப்பட்ட உணவையே கண்காணிப்பில் கொடுத்துப் பார்த்தார்கள். கிண்ணத்தில் இருப்பது அந்த உணவா, அதைப் போலவே தோன்றும் வேறொன்றா என்பது உண்பவருக்கும் தெரியாது, பக்கத்தில் நிற்கும் மருத்துவருக்கும் தெரியாது. டார்ஸ்டன் சூபர்பியர் குழுவினர் 2004இல் வெளியிட்ட முடிவின்படி, இப்படி உறுதிசெய்யப்பட்டவர்கள் 3.6 சதவீதம்.

இவ்விரு எண்களும் ஒரே காலத்தை அளக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முன்னது வாழ்நாள் முழுவதையும் நினைத்துச் சொன்ன பதில். பின்னது சோதித்த நேரத்தில் இருந்த நிலை. சிறுவயதில் முட்டை சேராதிருந்த ஒருவருக்கு வளர்ந்தபின் அது சரியாகியிருக்கலாம். அதையெல்லாம் கழித்த பிறகும் இடைவெளி பெரியதுதான். அந்த இடைவெளியில் வாழ்கிறவர்களில் பலர் கோதுமையையோ பாலையோ கடலையையோ வீணாக ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். உண்மையான ஒவ்வாமை உள்ளவர்களோ, வாயு, அல்சர், மனக்கவலை என்ற பெயர்களைச் சுமந்துகொண்டு மருத்துவர் மாற்றி மருத்துவர் அலைகிறார்கள்.

உணவு ஒவ்வாமைக்கான ஜெர்மன் மருத்துவத்தில் என்னைக் கவர்வது, இந்த இடைவெளியை அது விடாப்பிடியாக எதிர்கொள்ளும் முறை. நோயாளியின் சொல்லைக் காது கொடுத்துக் கேட்கிறது, ஆனால் அதையே முடிவாக எடுத்துக்கொள்வதில்லை. ஆய்வகத் தாளில் வரும் எண்ணைப் பார்க்கிறது, அதையும் முடிவாக எடுத்துக்கொள்வதில்லை. ஆபத்துக்கு ஆயத்தமாக இருந்துகொண்டு உணவைக் கொடுத்துப் பார்க்கிறது. இந்த முறை தோலிலும் மூச்சிலும் தெரியும் ஒவ்வாமைக்கு நன்றாக வேரூன்றிவிட்டது. குடலுக்குள் நடக்கும் ஒவ்வாமையில் அது இன்னும் தடுமாறுகிறது. என் கவலை குடல் ஒவ்வாமை உள்ளவர்களைப் பற்றியது.

சோதித்துப் பார்க்கும் இந்த வழக்கம் தொடங்கியது ஒரு மீனில். இன்று போலந்தில் வ்ரோட்ஸ்வாஃப் என்று அழைக்கப்படும் ப்ரெஸ்லாவ், 1921இல் ஜெர்மன் நகரம். அங்கே பணியாற்றிய ஹைன்ஸ் கியூஸ்ட்னர் என்ற மருத்துவருக்குச் சமைத்த மீன் ஆகாது. அவருடைய சக ஆய்வாளர் கார்ல் ப்ராவுஸ்னிட்ஸ், கியூஸ்ட்னரின் இரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தைத் தன் வயிற்றுத் தோலில் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தியபோது, மீனை எந்தத் தொல்லையுமின்றிச் சாப்பிட்டுவந்த அவருடைய தோல் தடித்துச் சிவந்தது. ஒவ்வாமையை ஏந்திச் செல்லும் ஏதோ ஒன்று இரத்தத்தில் இருக்கிறது என்பதற்கு அதுவே முதல் தெளிவான சான்று. நாஜிகள் ஆட்சிக்கு வந்தபின் ப்ராவுஸ்னிட்ஸ் இங்கிலாந்துக்குப் போய், ஐல் ஆஃப் வைட் தீவில் பொது மருத்துவராகக் காலம் கழித்தார். அதே தீவில் 1989இல் பிறந்த குழந்தைகளைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த ஒவ்வாமை ஆய்வு பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றது.

அந்த ‘ஏதோ ஒன்று’ ஐஜிஇ என்ற நோயெதிர்ப்புப் புரதம் என்று தெரிய 1960களின் பிற்பாதி ஆயிற்று. அமெரிக்காவில் இஷிசாகா தம்பதியரும், ஸ்வீடனில் ஜோஹன்சன், பென்னிச் இருவரும் தனித்தனியே அதைக் கண்டார்கள். மாஸ்ட் செல்களின் மேல் ஐஜிஇ ஒட்டிக்கொண்டிருக்கும். தனக்குரிய உணவுப் புரதம் வந்து அதைத் தொட்டதும் செல் ஹிஸ்டமினையும் பிறவற்றையும் கொட்டும். சில நிமிடங்களில் தோல் தடிக்கும், உதடு வீங்கும், மூச்சு இறுகும், வாந்தி வரும். தீவிரமானால் இரத்த அழுத்தம் சரியும். ஐஜிஇயை இரத்தத்தில் அளக்கலாம், தோலில் குத்திப் பார்த்தும் அறியலாம். இரண்டும் எளிது என்பதால் அவையே நோயறிதல் என்ற எண்ணம் பரவிவிட்டது. உண்மையில் அவை சொல்வது, உடல் அந்தப் புரதத்தை அடையாளம் வைத்திருக்கிறது என்பதை மட்டுமே. சாப்பிட்டால் என்ன ஆகும் என்று அவை சொல்வதில்லை.

நம் பக்கத்திலேயே இதற்கு நல்ல சான்று உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் பணம் தந்த யூரோப்ரெவால் என்ற பெருந்திட்டத்தின் ஒரு கிளையாகக் கர்நாடகத்தில் நடந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. பெரியவர்களில் 26.5 சதவீதத்தினரின் இரத்தத்தில் ஏதோ ஓர் உணவுக்கு எதிரான ஐஜிஇ இருந்தது. ஒவ்வாமை இருக்கக்கூடும் என்று கணிக்கப்பட்டவர்கள் 1.2 சதவீதம். இரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பி உணவுப் பட்டியல் எழுதிக் கொடுத்திருந்தால் எத்தனை பேர் எள்ளையும் அரிசியையும் விட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

ஆகவே உணவூட்டுச் சோதனை. போடோ நிக்கெமான், கிர்ஸ்டன் பையர் போன்ற குழந்தை மருத்துவர்கள் பெர்லினில் பல ஆண்டுகள் உழைத்து இதன் நடைமுறையைச் செப்பனிட்டார்கள். இன்று உலகம் முழுவதும் பின்பற்றப்படும் அளவு வரிசை ஏறத்தாழ இதுதான்: முதலில் 3 மில்லிகிராம் புரதம்; பிறகு 20 அல்லது 30 நிமிட இடைவெளியில் 10, 30, 100, 300 மில்லிகிராம், 1 கிராம், 3 கிராம். பால் கணக்கில் சொன்னால் இரண்டு துளியில் தொடங்கி, அரைக் கோப்பை அளவில் முடிகிறது. சோதிக்கும் உணவு கஞ்சியிலோ பானத்திலோ கலந்து, நிறமும் மணமும் சுவையும் தெரியாதபடி தயாராகும். ஒரு நாள் உண்மையான உணவு, இன்னொரு நாள் போலி. எது எந்த நாளில் என்பது, கலந்து கொடுத்த உணவியல் வல்லுநருக்கு மட்டும் தெரியும். குழந்தையின் கையில் ஊசிக்குழாய் முன்கூட்டியே பொருத்தப்பட்டிருக்கும். அதன் எடைக்கேற்ற அட்ரினலின் கட்டிலருகே கணக்கிட்டு வைக்கப்பட்டிருக்கும்.

இந்த வேலையில் அனுபவமுள்ள செவிலியர் கருவியை விடக் குழந்தையைத்தான் கவனிப்பார். பொம்மையோடு இருந்த குழந்தை சட்டென விளையாட்டை விட்டுவிட்டு அம்மா மடியில் ஒடுங்கும், காதைத் தேய்க்கும், நாக்கை நீட்டிச் சுரண்டும், அடுத்த வாய்க்கு முகத்தைத் திருப்பும். தடிப்பு வருவதற்குப் பல நிமிடங்கள் முன்பே இவை தெரிந்துவிடும். வாய் அரிக்கிறது என்ற சொல்லை வைத்து மட்டும் சோதனையை நிறுத்துவதில்லை. இடைவெளி விட்டு அதே அளவை மறுபடி கொடுத்துப் பார்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியும் தடிப்போ, திரும்பத் திரும்ப வாந்தியோ, மூச்சில் சீழ்க்கை ஒலியோ வந்தால் நிறுத்தி மருந்து கொடுப்பார்கள். தோல் அழற்சி உள்ள குழந்தைகளில் எதிர்வினை ஒரு நாள், இரு நாள் கழித்தும் வரலாம் என்பதால் வீட்டுக்கு அனுப்ப அவசரப்படுவதில்லை. போலி உணவு கொடுத்த நாளிலும் சிலருக்கு அரிப்பும் வயிற்றுவலியும் வருவதுண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. எதிர்பார்ப்பும் உடலை அசைக்கும். போலி நாள் ஒன்று வேண்டியிருப்பது அதனால்தான்.

ஒரு படுக்கை, ஒரு செவிலியர், ஒரு மருத்துவர், ஓர் உணவியலாளர், ஒரே உணவைப் பற்றிய ஒரே கேள்விக்காக இரண்டு மூன்று நாள். எந்த நாட்டிலும் இது செலவு பிடிக்கும் காரியம். எனவே சோதனையைத் தவிர்க்க முடிந்த இடங்களில் தவிர்க்கவும் ஜெர்மானியர்கள் உழைத்திருக்கிறார்கள். வேர்க்கடலையில் உள்ள பல புரதங்களில் அரா எச் 2 என்ற ஒன்றுக்கு எதிரான ஐஜிஇயை மட்டும் தனியே அளந்தால், முழுக் கடலைச் சாற்றை வைத்து அளப்பதைவிடத் துல்லியமாக ஊகிக்க முடிகிறது. பையர் குழு 2015இல் காட்டியபடி, அந்த அளவு 14.4 அலகைத் தொட்டால் சோதனை நேர்மறையாக வரும் வாய்ப்பு 90 சதவீதம். அப்படிப்பட்ட குழந்தைக்குக் கடலை கொடுத்துப் பார்க்க வேண்டிய தேவை குறைகிறது.

இதற்கு நேரெதிர்த் துருவத்தில் இருப்பது ஐஜிஜி பரிசோதனை. ஒரு குப்பி இரத்தம் கொடுத்தால் நூற்றுக்கணக்கான உணவுகளுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளமிட்ட பட்டியல் வீடு தேடி வரும். சென்னையிலும் இது விற்கிறது. ஐஜிஜி என்பது நாம் அடிக்கடி சாப்பிடும் உணவை உடல் அறிந்துவைத்திருப்பதன் இயல்பான அடையாளம். ஒவ்வாமையைக் கண்டறிய இதைப் பயன்படுத்தக் கூடாது என்று ஜெர்மன் ஒவ்வாமை மருத்துவச் சங்கங்கள் 2009 முதல் தெளிவாகச் சொல்லிவருகின்றன. பட்டியலை நம்பிப் பாலும் கோதுமையும் முட்டையும் ஒரே நாளில் நிறுத்தப்பட்ட குழந்தையின் வளர்ச்சிக் கோடு சரிவதைப் பார்த்த எந்த மருத்துவரும் இந்த வியாபாரத்தை எளிதாக மன்னிக்க மாட்டார்.

ஜெர்மனியில் பரவலாகக் காணப்படும் ஒவ்வாமை ஒன்று உண்டு. அங்கே பெரியவர்களுக்கு வரும் உணவு ஒவ்வாமையில் பெரும்பங்கு, பிர்ச் மரத்தின் மகரந்தத்தில் தொடங்குகிறது. மகரந்தத்தில் உள்ள பெட் வி 1 என்ற புரதத்தைப் போலவே ஆப்பிள், ஹேசல் கொட்டை, கேரட், செலரி, சோயா ஆகியவற்றிலும் புரதங்கள் உள்ளன. மகரந்தத்துக்கு எதிராக உருவான ஐஜிஇ இவற்றையும் பிடித்துக்கொள்கிறது. ஆப்பிளைப் பச்சையாகக் கடித்தால் வாயும் தொண்டையும் அரிக்கும். அதையே வேகவைத்தால் ஒன்றும் செய்யாது, ஏனெனில் சூட்டில் அந்தப் புரதம் குலைந்துவிடும். லெம்கோ என்ற ஊரில் பண்ட் என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் கிளை, எந்த ஆப்பிள் வகை யாருக்கு ஒத்துக்கொள்கிறது என்று மக்களிடமே கேட்டுத் தொகுத்து வருகிறது. கடைகளில் மினுங்கும் கோல்டன் டெலிஷியஸ், கிரானி ஸ்மித் வகைகள் தொல்லை தருகின்றன. போஸ்கோப் போன்ற பழைய வகைகள் பலருக்குச் சேர்கின்றன.

தமிழருக்கு இதில் சேதி இருக்கிறது. லாங்கன் நகரில் உள்ள பால் எர்லிக் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2005இல் பச்சைப்பயற்றிலும் இதே குடும்பத்துப் புரதம் இருப்பதைக் கண்டறிந்தார்கள். யாழ்ப்பாணத்தில் பிர்ச் மரம் இல்லை. அங்கே பிறந்து, ஜெர்மனியில் பல வசந்தங்களைக் கடந்தபின் மூக்கு ஒழுகலும் கண் அரிப்பும் பிடித்துக்கொண்ட ஒருவருக்கு, ஊரில் வாழ்நாளெல்லாம் சாப்பிட்ட முளைகட்டிய பயறு திடீரென வாயை அரிக்கச் செய்யலாம். வேகவைத்த பயற்றை அவர் விட வேண்டியதில்லை. சோயாப் புரதப் பானத்தை மட்டும் எச்சரிக்கையாக அணுக வேண்டும். பிர்ச் ஒவ்வாமை உள்ள சிலருக்கு அது அரிப்போடு நிற்காமல் மூச்சுவரை போயிருக்கிறது.

நேரம் தாழ்த்தி வரும் ஒவ்வாமைகளில் ஜெர்மன் மருத்துவர்கள் துப்பறிவாளரைப் போல வேலை செய்திருக்கிறார்கள். ரொட்டி சாப்பிட்டால் ஒன்றுமில்லை, ஓடினாலும் ஒன்றுமில்லை. ரொட்டி சாப்பிட்டுவிட்டு ஓடினால் மயங்கி விழுகிறார் ஒருவர். கோதுமையின் ஒமேகா 5 கிளையடின் என்ற புரதமே காரணம். உடற்பயிற்சி, மது, ஆஸ்பிரின் போன்ற துணைக் காரணிகள் சேரும்போதுதான் அது வெளிப்படுகிறது. ட்யூபிங்கனில் டீலோ பீடர்மன் குழு கவனித்தது இதைவிட விசித்திரம். தென்மேற்கு ஜெர்மனியில் பன்றிச் சிறுநீரகம் விரும்பி உண்ணப்படும் உணவு. அதைத் தின்ற சிலருக்குத் தீவிர எதிர்வினை வந்தது. பாலூட்டிகளின் திசுவில் உள்ள ஆல்ஃபா கால் என்ற சர்க்கரைக்கு எதிரான ஐஜிஇ அவர்களிடம் இருந்தது. அதை விதைத்தது உண்ணிக்கடி. 2017இல் வந்த ஆய்வில், அந்தப் பகுதியின் வனத்துறை ஊழியர்களிலும் வேட்டைக்காரர்களிலும் 35 சதவீதம் பேரின் இரத்தத்தில் அந்த ஐஜிஇ காணப்பட்டது. இறைச்சி தின்று மூன்று முதல் ஆறு மணி நேரம் கழித்து, நள்ளிரவில், வயிற்றுவலியோடும் தடிப்போடும் விழிக்கும் நோயாளியிடம், மாலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்றும் காட்டுக்குப் போவதுண்டா என்றும் கேட்கத் தெரிந்த மருத்துவர் வேண்டும்.

இனிக் குடல். பெர்லின் ஆய்வின் 3.6 சதவீதத்தில் 2.5 சதவீதம் ஐஜிஇ வழியானது, மீதி 1.1 சதவீதத்தில் ஐஜிஇ அகப்படவில்லை. சாப்பிட்டபின் வயிறு உப்புதல், பிடித்திழுக்கும் வலி, வயிற்றுப்போக்கு, எண்டோஸ்கோபியில் எல்லாம் சரி, இரத்தத்தில் எல்லாம் சரி. எரிச்சல் குடல் என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். அது வலிக்கு இட்ட பெயர். காரணத்தை அது சொல்வதில்லை.

ஹானோவரில் ஸ்டெஃபான் பிஷோஃபும் சகாக்களும் 1997இல் ஒரு துணிச்சலான வழியைக் கையாண்டார்கள். தோலில் குத்திப் பார்ப்பதைக் குடலுக்குள்ளேயே செய்தால் என்ன? கொலோனோஸ்கோபி வழியாகப் பெருங்குடலின் தொடக்கப் பகுதிவரை போய், அதன் சவ்வில் உணவுச் சாறுகளை ஊசியால் செலுத்தி 20 நிமிடம் பார்த்தார்கள். உணவு ஒவ்வாமை இருக்கலாம் என்று கருதப்பட்ட 70 பேரில் 54 பேருக்கு ஊசியேற்றிய இடத்தில் சவ்வு தடித்துச் சிவந்தது. நலமாக இருந்த 5 பேரில் ஒருவருக்கும் இல்லை. பின்னாளில் எர்லாங்கனில் மார்ட்டின் ரைத்தல், குடலைக் கழுவி எடுத்த நீரிலேயே ஐஜிஇயைத் தேடினார். இரத்தத்தில் இல்லாதது குடலில் இருக்கக்கூடும் என்ற எண்ணம் இப்படி வலுப்பெற்றது. 2021இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகக் குழு, குடல் தொற்று ஒன்றுக்குப் பின் அந்த இடத்தில் மட்டும் உணவுக்கு எதிரான ஐஜிஇ உருவாவதை எலிகளில் காட்டியது; எரிச்சல் குடல் நோயாளிகளின் சவ்விலும் உணவுச் சாறு எதிர்வினையை எழுப்பியது.

கீல் நகரில் அனெட் ஃப்ரிட்ஷர் ராவன்ஸ் வேறு கருவியை எடுத்தார். சவ்வை ஆயிரம் மடங்குக்கு நெருக்கமாகப் பெருக்கிக் காட்டும் லேசர் எண்டோஸ்கோப் அது. நோயாளியின் சிறுகுடலில் பால், கோதுமை, ஈஸ்ட், சோயா ஆகியவற்றின் கரைசல்களை ஒவ்வொன்றாகத் தெளித்துப் பார்த்தார். சிலரில் ஐந்தே நிமிடத்தில் சவ்வின் செல்களுக்கிடையே விரிசல் விட்டது. 2014இல் 36 பேரில் 22 பேருக்கும், 2019இல் 108 பேரில் 76 பேருக்கும் இப்படி நேர்ந்தது. அந்த 76 பேரில் 46 பேருக்குக் கோதுமையே காரணம். உரிய உணவை விலக்கியபின் பலருக்கு நோய் தணிந்தது. இவை நம்பிக்கை தரும் முடிவுகள்தாம். ஆயினும் இந்தச் சோதனைகள் சில மையங்களைத் தாண்டி வழக்கமான மருத்துவமாகவில்லை. இரட்டை மறைப்பில் உணவைக் கொடுத்து உறுதிசெய்யும் வேலை இங்கே இன்னும் போதாது என்பதே என் கருத்து. தோலுக்கும் மூச்சுக்கும் விதித்த அதே கடுமையைக் குடலுக்கும் விதிக்க வேண்டும்.

குடல் நோய்களில் தெளிவு கிடைத்த இரண்டைச் சொல்லலாம். ஒன்று, செலியாக் நோய். இது ஒவ்வாமை அல்ல. கோதுமையின் குளூட்டன் தூண்ட, உடல் தன் குடலையே தாக்குவது. இதில் தாக்கப்படும் நொதியை 1997இல் பெர்லினில் டெட்லெஃப் ஷுப்பான் குழு அடையாளம் கண்டது. இன்று உலகெங்கும் செய்யப்படும் இரத்தப் பரிசோதனை அதிலிருந்து வந்தது. கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அந்தப் பரிசோதனையைச் செய்ய வேண்டும். தாமாகவே சப்பாத்தியை நிறுத்திவிட்டு ஆறு மாதம் கழித்து வருபவரின் தாளில் ஒன்றும் தெரியாது.

மற்றது, உணவுக்குழாயில் ஈசினோபில் செல்கள் குவியும் அழற்சி. சோறு தொண்டைக்குக் கீழே நிற்கிறது என்பார்கள்; ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் குடிப்பார்கள்; விருந்துகளில் கடைசியாக எழுவார்கள். பல ஆண்டுகள் இது அவர்களுடைய சுபாவம் என்றே வீட்டில் எண்ணப்படும். பயாப்ஸியில் நுண்ணோக்கியின் ஒரு பார்வைப் புலத்தில் 15 ஈசினோபில்களுக்குக் குறையாமல் இருந்தால் நோய் உறுதியாகும். ஃப்ரைபுர்க் நகரின் டாக்டர் ஃபால்க் நிறுவனம் தயாரித்த, நாக்கில் வைத்துக் கரைக்கும் பியூடெசோனைடு மாத்திரை, 2018இல் ஐரோப்பாவில் இந்நோய்க்கென்றே முதலில் அனுமதி பெற்ற மருந்து. ஆறு வாரத்தில் நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் அடங்கியது. போலி மாத்திரை பெற்றவர்களில் ஒருவருக்கும் அடங்கவில்லை.

கைக்குழந்தைகளின் குடல் ஒவ்வாமை ஒன்றையும் இங்கே சேர்க்க வேண்டும். புது உணவு கொடுத்து ஒன்று முதல் நான்கு மணி நேரத்தில் அடக்க முடியாத வாந்தி. குழந்தை வெளிறித் துவண்டு போகும். தடிப்பு இல்லை, ஐஜிஇ இல்லை. கிருமித் தொற்று என்றே பலரும் எண்ணுவார்கள். பசும்பாலும் சோயாவும் ஓட்ஸும் மீனும் இதற்குக் காரணமாகின்றன. ஆஸ்திரேலியாவில் அரிசியும் முக்கியக் காரணம். அரிசிக் கஞ்சியில் தொடங்கும் நம் குழந்தைகளில் இதைத் தேடிப் பார்க்க வேண்டும்.

வருமுன் காப்பதில் லண்டனில் நடந்த ஆய்வு ஒன்று 2015இல் ஒரு திருப்பத்தைத் தந்தது. ஆபத்துள்ள குழந்தைகளுக்கு முதல் ஆண்டிலேயே வேர்க்கடலை கொடுத்துவந்தால் ஒவ்வாமை பெருமளவு குறைந்தது. முட்டையில் அதைச் செய்து பார்த்த பெர்லின் ஆய்வு 2017இல் தந்த முடிவு வேறு. பொடியாக்கிய பச்சை முட்டை வெள்ளைக்கருவைக் கொடுக்குமுன் 406 குழந்தைகளின் இரத்தம் சோதிக்கப்பட்டது. 23 பேருக்கு ஏற்கெனவே ஐஜிஇ இருந்தது. அவர்களில் 17 பேர் உணவூட்டுச் சோதனைக்கு வந்தார்கள். 16 பேருக்கு ஒவ்வாமை உறுதியானது, 11 பேருக்கு எதிர்வினை தீவிரமாக இருந்தது. முட்டைப் பொடியால் தடுப்புப் பலனும் தென்படவில்லை. அதனால் ஜெர்மன் வழிகாட்டுதல் இன்று, நன்றாக வேகவைத்த முட்டையைத் தொடர்ந்து கொடுங்கள், அரைவேக்காடு வேண்டாம் என்கிறது.

வந்தபின் தணிப்பதிலும் வழி பிறந்திருக்கிறது. ஃப்ராங்க்ஃபுர்ட்டின் கதரீனா ப்ளூம்ஷனும் பெர்லின் குழுவும் 62 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், ஒரு கடலைக்குள் அடங்கும் அளவுவரை மெல்ல ஏற்றித் தினமும் கொடுத்தார்கள். 16 மாத முடிவில் 74.2 சதவீதக் குழந்தைகள் 300 மில்லிகிராம் கடலைப் புரதத்தைத் தாங்கினார்கள். போலி பெற்றவர்களில் 16.1 சதவீதம். இந்த முறையில் தயாரான பால்ஃபோர்சியா என்ற மருந்துப்பொடிக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2020 டிசம்பரில் அனுமதி தந்தது. இது நோயை வேரறுப்பதில்லை. தவறுதலாக வாய்க்குள் போகும் ஒரு துண்டு பிஸ்கட் உயிரைக் குடிக்காமல் காக்கிறது. அன்றாடம் அந்தப் பயத்தோடு குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோருக்கு அதன் அருமை தெரியும்.

அமைப்பைப் பற்றிச் சுருக்கமாக. ஜெர்மனியில் ஒவ்வாமையியல் தனித்துறை அல்ல. வேறொரு துறையில் தேர்ந்த மருத்துவர் கூடுதலாகப் பெறும் தகுதி. அதைப் பெறுகிறவர்கள் பெரும்பாலும் தோல், காது மூக்கு தொண்டை, நுரையீரல், குழந்தை மருத்துவர்கள். குடல் நோயாளி இவர்களுக்கிடையில் வழி தவறுவது இதனால்தான். மறுபுறம், தீவிர எதிர்வினையை அனுபவித்தவர்களுக்கும் பெற்றோருக்கும் அகாட்டே என்ற கூட்டமைப்பு முறையான பயிற்சி வகுப்பு நடத்துகிறது. 1897இல் ஹெல்கோலாந்து தீவில் வைக்கோல் காய்ச்சல்காரர்கள் கூடித் தொடங்கிய சங்கம் இன்று ஜெர்மன் ஒவ்வாமை ஆஸ்துமா சங்கமாக வளர்ந்து, உணவு ஆலோசனை தருகிறது. எதை விலக்க வேண்டும் என்பதோடு, அதற்கு ஈடாக எதைச் சேர்க்க வேண்டும் என்று சொல்லத் தெரிந்த உணவியலாளர் இல்லாமல் இந்தச் சிகிச்சை முழுமையடையாது என்பதை 2021ஆம் ஆண்டின் ஜெர்மன் வழிகாட்டுதலும் வலியுறுத்துகிறது.

அந்த உணவியலாளர் கொடுக்கும் தாள், ரொட்டியும் பாலாடைக்கட்டியும் உருளைக்கிழங்கும் உண்ணும் வீட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஜெர்மனியில் வாழும் தமிழர் வீட்டுக்கு அது முழுதும் பொருந்தாது. ஐரோப்பியச் சட்டப்படி 2014 டிசம்பர் முதல் 14 ஒவ்வாமைப் பொருட்களை, பேக்கரியிலும் உணவகத்திலும்கூட, தெரிவிக்க வேண்டும். கடுகும் எள்ளும் செலரியும் லூப்பின் பயறும் அந்தப் பட்டியலில் உண்டு. இந்தியாவின் 2020ஆம் ஆண்டுச் சட்டத்தில் கடுகும் எள்ளும் இல்லை. ஆகவே ஊரிலிருந்து வரும் ஊறுகாய், பொடி பொட்டலங்களில் அவற்றைத் தடித்த எழுத்தில் தேடிப் பயனில்லை. துவரை, கடலைப்பருப்பு, வெந்தயம் ஆகியவை இரண்டு பட்டியலிலும் இல்லை. வெந்தயமோ வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள சிலருக்கு ஆகாது. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கும். செலியாக் உள்ள பிள்ளைக்கு ரொட்டியை நிறுத்திய வீட்டில் சாம்பாரும் ரசமும் மோரும் அந்த வழியாகக் கோதுமையைக் கொண்டுவரும். ஜெர்மனியில் 2002இல் எழுந்த ஹம் நகரக் காமாட்சி அம்மன் கோவிலின் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் கூடும் நம் மக்களின் பொங்கலில் முந்திரி இல்லாமல் இராது. முந்திரி ஒவ்வாமை உள்ள குழந்தைக்குப் பிஸ்தாவும் பெரும்பாலும் ஆகாது. மருத்துவரிடம் போகும்போது அஞ்சறைப்பெட்டியில் உள்ளவற்றையும் எண்ணெயையும் பொடிகளின் உறைகளையும் படமெடுத்துக் கொண்டுபோவது, பள்ளிக்கூடப் பிள்ளையை மொழிபெயர்க்கச் சொல்லாமல் பெரியவர் ஒருவரை அழைத்துச் செல்வது, இரண்டும் சோதனைக்குரிய உணவைச் சரியாகத் தேர்ந்தெடுக்க உதவும்.

விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்கள் அட்ரினலின் பேனா ஊசியை இரண்டாகக் கொண்டுவர வேண்டும். 15 முதல் 30 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 150 மைக்ரோகிராம், அதற்கு மேல் 300. இந்தியாவில் அது எளிதில் கிடைப்பதில்லை. சாரிட்டேயில் மார்கிட்டா வோர்ம் 2006இல் தொடங்கிய தீவிர ஒவ்வாமைப் பதிவேடு, ஜெர்மனியிலேயே அட்ரினலின் கொடுக்க வேண்டிய பலருக்கு அது கொடுக்கப்படுவதில்லை என்று காட்டுகிறது. தமிழ்நாட்டில் நிலைமை இன்னும் கடினம்: உதடு வீங்கி, குரல் கரகரத்து வருபவருக்கும் அவில் ஊசியும் டெக்சாவும் போட்டு உட்காரவைக்கும் பழக்கம் இருக்கிறது. அவில் அரிப்பைத் தணிக்கும். இறுகும் மூச்சையும் சரியும் இரத்த அழுத்தத்தையும் அது மீட்காது. அட்ரினலின் ஆம்பியூல் விலை குறைந்த மருந்து, அவசரப் பிரிவுகளில் இருப்பு உள்ள மருந்து. கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், பெரியவருக்கு அதிகபட்சம் 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்புறத் தசையில். நோயாளியைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்தி, முதலில் போட வேண்டியது அது.